ரோமானிய முயல் ப்ரூச்: பச்சையாய்ப் போன சிவப்பும் பின்பக்கத்துச் சங்கதிகளும்

கேள்வி இது: இணைய ஏலப் பட்டியல் ஒன்றில், ஓடும் முயல் வடிவத்தில் 3 செ.மீ. நீளமுள்ள ஒரு வெண்கல ப்ரூச் வந்திருக்கிறது. ‘ரோமானியம், கி.பி. 2ஆம் நூற்றாண்டு, பச்சையும் நீலமுமான எனாமல்’ என்று குறிப்புப் போட்டிருக்கிறார்கள். இதை எப்படிச் செய்தார்கள், இந்த நிறம் அந்தக் காலத்து நிறம்தானா, அசலா நகலா என்று எப்படிப் பார்ப்பது, வாங்கினால் எப்படிச் சுத்தம் செய்வது?

சுருக்கமாகச் சொன்னால்: பச்சையை நம்பாதீர்கள், பின்பக்கப் படம் கேளுங்கள், கைக்கு வந்தாலும் கழுவாதீர்கள். இனி வருவதெல்லாம் இந்த மூன்றுக்கும் காரணம்.

முதலில் பொருள் என்ன என்பது. எனாமல் என்பது இங்கே பெயின்ட் அல்ல, உலோகத்தின்மேல் உருக்கிப் பிடிக்கவைத்த நிறக் கண்ணாடி. பொத்தான் இல்லாத உடையைச் சேர்த்துப் பிடிக்க ரோமானிய உலகத்தில் குத்திய ஊசிக்கு லத்தீனில் ஃபிபுலா என்று பெயர். அதில் இரண்டு பெரிய குடும்பங்கள். ஒன்று வில்போல வளைந்தது. வளைவுக்கும் ஊசிக்கும் நடுவே தடித்த கம்பளித் துணியையும் மடித்து அடக்கலாம். மற்றது தட்டையான தகடு. முன்னால் வேலைப்பாடு, பின்னால் ஊசி. விலங்கு வடிவங்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது குடும்பம். தகட்டுக்கும் ஊசிக்கும் இடையே சில மில்லிமீட்டர்தான் இடைவெளி. கனமான போர்வையை இதில் மாட்டினால் ஊசி வளையும், அல்லது கொக்கியிலிருந்து நழுவும். ஆகவே போர்வையின் பாரத்தைத் தாங்கவேண்டிய ஊசி இதுவல்ல. மெல்லிய துணியிலோ, வேறு ஊசி தாங்கும் உடையின் மேலோ அழகுக்குக் குத்தியது. ‘ரோமானியப் படைவீரனின் போர்வை ஊசி’ என்று முயல் ப்ரூச்சுக்கு விளம்பரம் எழுதுகிறவர் பொருளைத் திருப்பிப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

அளவு பெரும்பாலும் 25 முதல் 45 மி.மீ. நீளம், தகட்டின் தடிமன் சுமார் 2 மி.மீ. உங்கள் 3 செ.மீ. முயல் அளவில் சரியாகத்தான் இருக்கிறது. காலம் பெரும்பாலும் கி.பி. 2ஆம் நூற்றாண்டு, சில வகைகள் முதல் நூற்றாண்டின் கடைசியிலேயே தொடங்குகின்றன, சில மூன்றாம் நூற்றாண்டுக்குள் நீள்கின்றன. இடம் பிரிட்டன், வட கால் நாடு (இன்றைய வட பிரான்ஸ், பெல்ஜியம்), ரைன் கரை, டான்யூப் கரை. ரோமாபுரி நகரத்துக் கலை என்று இதை நினைக்கக்கூடாது. இது வடமேற்கு எல்லை மாகாணங்களின் கைவேலை. ஆனாலும் எனாமல் வெண்கலங்கள் வெகுதூரம் பயணித்திருக்கின்றன: யூப்ரடீஸ் கரையில், சிரியாவின் டியூரா யூரோப்பஸ் வரை கிடைத்திருக்கின்றன.

மத்தியதரைக்கடல் பக்கத்துப் படித்தவர்களுக்கே இந்த வேலை புதுமையாக இருந்தது. மூன்றாம் நூற்றாண்டுத் தொடக்கத்துக் கிரேக்க எழுத்தாளர் ஃபிலோஸ்ட்ராட்டஸ், வேட்டைக் குதிரைகளின் அணிகளைப் பற்றிச் சொல்லும்போது, பெருங்கடலில் வாழும் அந்நியர்கள் சூடான வெண்கலத்தில் இந்த நிறங்களை ஊற்றுகிறார்கள், அவை ஒட்டிக்கொண்டு கல்லைப்போல இறுகிவிடுகின்றன என்று கேள்விப்பட்டதாக எழுதுகிறார். பழங்காலத்திலிருந்து நமக்குக் கிடைத்திருக்கும் எனாமல் குறிப்பு இது. ‘ஊற்றுகிறார்கள்’ என்பது மட்டும் சரியில்லை. பார்த்து எழுதியதல்ல, கேட்டு எழுதியது.

உண்மையில் நடந்தது என்னவென்றால், முயலின் உருவத்தையும் அதன் உடலில் கண்ணாடி நிரம்பவேண்டிய குழிகளையும் சேர்த்தே அச்சில் வார்த்தார்கள். உலோகத்தில் குழி எடுத்து அதில் எனாமலை நிரப்பும் இந்த முறைக்கு ஷாம்ப்லெவே என்று பிரெஞ்சுப் பெயர். மெல்லிய கம்பியால் பாத்தி கட்டி நிரப்பும் குளோய்சொன்னே வேறு. ஷாம்ப்லெவே என்றால் உளியால் செதுக்கியது என்று பலர் எழுதுவார்கள். ரோமானிய ப்ரூச்களில் குழி பெரும்பாலும் வார்ப்பிலேயே வந்துவிடும். உளி வேலை ஓரத்தைத் திருத்தவும், அடித்தளத்தைக் கொஞ்சம் சொரசொரப்பாக்கவும்தான். குழியின் ஆழம் ஏறத்தாழ 1 மி.மீ. பின்பக்கத்துக் காதுகளும் கொக்கியும்கூட ஒரே வார்ப்பில் வந்தவை. பிறகு ஒட்டவைத்தவை அல்ல. இதை நினைவில் வையுங்கள், நகலைப் பிடிக்க உதவும்.

உலோகத்தை ‘வெண்கலம்’ என்று சொல்வது வசதிக்காக. சோதித்துப் பார்த்தால் சிலது செம்பும் வெள்ளீயமும் சேர்ந்த வெண்கலம், சிலது துத்தநாகம் சேர்ந்த பித்தளை, சிலது எல்லாம் கலந்தது, பலவற்றில் காரீயம். அதனால்தான் அருங்காட்சியகங்கள் பொதுவாகச் ‘செம்புக் கலவை’ என்று எழுதி நிறுத்திக்கொள்கின்றன. காரீயம் சேர்த்தால் வார்ப்பு எளிதாக ஓடி நுணுக்கமான மூலைவரை நிரம்பும். ஆனால் காரீயம் செம்போடு கரைந்து கலப்பதில்லை, சின்னச் சின்ன உருண்டைகளாகத் தனியே நிற்கும். அதன் உருகுநிலை 327 டிகிரி. எனாமல் சுடும் சூட்டில் அது வியர்த்து வெளியே வரும். அப்படி வந்த இடத்தில் கண்ணாடி பிடிக்காது. வெள்ளீயத்துக்கும் ஒரு வரம்பு உண்டு. வார்த்தபடியே இருக்கும் வெண்கலத்தில் வெள்ளீயம் அதிகமாகச் சேர்ந்த இடங்கள் சுமார் 800 டிகிரியிலேயே உருகத் தொடங்கும். கண்ணாடி நன்றாக ஓட வேண்டுமென்று அதற்குமேல் ஏற்றினால் முயலின் காது முதலில் தொங்கும். ஆக, கண்ணாடி இளகவும் வேண்டும், உலோகம் அசையவும் கூடாது. இரண்டுக்கும் நடுவே 100 டிகிரி அளவுக்குத்தான் இடம். சூடுமானி கிடையாது, நெருப்பின் நிறத்தைப் பார்த்தே தீர்மானிக்கவேண்டும். இருட்டறையில் வேலை செய்வது இதற்காகத்தான் உதவும்: மங்கலான செம்மை கடந்து ‘செர்ரிப் பழ’ நிறம் வரும்போது நிறுத்தவேண்டும். ஆரஞ்சு தெரிந்தால் காலம் கடந்துவிட்டது.

இன்று ஒருவர் இதைச் செய்து பார்க்க விரும்பினால் முறை இப்படி. கண்ணாடியை இடித்து, சன்னமான மணல் பருவத்துக்கு, சுமார் 0.2 மி.மீ. வரை அரைத்துச் சலிக்கவேண்டும். தண்ணீர் விட்டுக் கலக்கி, மேலே மிதக்கும் பால்போன்ற கலங்கலைக் கொட்டவேண்டும். நான்கைந்து தடவை, தண்ணீர் தெளியும்வரை. இந்தக் கழுவலைச் சோம்பி விட்டால் மாவுபோன்ற தூள் தங்கி, சுட்டபின் கண்ணாடி கலங்கலாகவும் குமிழாகவும் வரும். ஈரத் தூளை இறகுக் காம்பாலோ சின்னக் கரண்டியாலோ குழியில் மூலைவரை அடைத்து, துணி ஓரத்தால் ஈரத்தை உறிஞ்சி, முழுக்கக் காயவைக்கவேண்டும். ஈரம் மிச்சமிருந்தால் உலையில் நீராவி எழுந்து தூள் துள்ளிவிடும். பிறகு 750 டிகிரிக்குக் கொஞ்சம் முன்பின், இரண்டு மூன்று நிமிடம். வெளியே எடுத்தால் குழியில் மட்டம் இறங்கியிருக்கும். தூளுக்கு இடையே இருந்த காற்றெல்லாம் போய்விட்டது அல்லவா. மறுபடி நிரப்பி மறுபடி சுடவேண்டும். இரண்டு மூன்று சுற்று ஆனபின் சாணைக்கல்லில் தண்ணீர் விட்டு உலோகமும் கண்ணாடியும் ஒரே மட்டமாகும்வரை தேய்ப்பார்கள். கரிப்புகையும் சாம்பலும் கண்ணாடியில் விழாமல் இருக்க, ப்ரூச்சின்மேல் ஒரு மண் சட்டியைக் கவிழ்த்து அதைச் சுற்றிக் கரி அடுக்கிச் சுடலாம்.

எல்லா ரோமானிய எனாமலும் தூளாக நிரப்பப்பட்டது என்று நினைக்கவேண்டாம். பக்கத்துப் பக்கத்தில் சிவப்பும் நீலமும், நடுவே உலோகத் தடுப்பே இல்லாமல், கத்தியால் வெட்டியதுபோல நேர்க்கோட்டில் நிற்கும் ப்ரூச்கள் நிறைய உண்டு. தூளை வைத்து இதைச் செய்தால் எல்லை மங்கும். அங்கே ஆறிய கண்ணாடிக் குச்சிகளிலிருந்து வெட்டிய சில்லுகளைத் தரையில் சின்னக் கற்களைப் பதிப்பதுபோலக் குழியில் வரிசையாக அடுக்கி, அவை ஒன்றோடொன்று ஒட்டும் அளவுக்கு மட்டும் சூடேற்றியிருக்கிறார்கள். பல நிறக் குச்சிகளை ஒன்றாக உருக்கி இழுத்து, குறுக்கே சீவிப் பூவும் சதுரங்கக் கட்டமுமாகப் பதிக்கும் மில்லெஃபியோரி வேலையும் இந்த வழிதான். அது வட்ட ப்ரூச்களில்தான் அதிகம். விலங்குகளில் குழி சின்னது, அந்த ஆடம்பரத்துக்கு இடமில்லை.

குழி ஏன் இவ்வளவு ஆழமில்லாமல் இருக்கிறது என்று கேட்டால், சுருக்கம்தான் காரணம். ஒரு மீட்டர் வெண்கலம் 100 டிகிரி சூடேறினால் சுமார் 1.8 மி.மீ. நீளும். அதே நீளச் சாதாரணக் கண்ணாடி அதில் பாதிதான் நீளும். ஆறும்போது உலோகம் அதிகமாகச் சுருங்கிக் கண்ணாடியை நெருக்கும். நெருக்கத்தைக் கண்ணாடி நன்றாகத் தாங்கும், இழுப்பைத்தான் தாங்காது. அதனால் மெல்லிய அடுக்கு கெட்டியாக நிற்கிறது. தடித்தால் மேலும் கீழும் ஒரே வேகத்தில் ஆறாது, விரிசல் விட்டு வில்லையாகப் பெயர்ந்து விழும். இன்று தோண்டி எடுக்கும் ப்ரூச்களில் பல குழிகள் காலியாக இருக்கின்றன. அவற்றில் சிலது மண்ணுக்குப் போகுமுன்னே, அணிந்திருக்கும்போதே உதிர்ந்திருக்கும்.

இப்போது நிறம். ரோமானியக் கண்ணாடிக்கு நிறம் கொடுத்த பொருள்கள் நன்றாகத் தெரிந்தவை. கருநீலத்துக்குக் கோபால்ட், மிகக் கொஞ்சம் போதும். வெளிர் நீலத்துக்குச் செம்பு. வெள்ளைக்குக் கால்சியம் ஆன்டிமனேட், மஞ்சளுக்குக் காரீய ஆன்டிமனேட். இவை நிறத்தோடு ஒளி ஊடுருவாத தன்மையையும் கொடுக்கும். செம்போடு இந்த மஞ்சள் சேர்ந்தால் ஒளி புகாத பச்சை. சிவப்பு மட்டும் ஒரு தொல்லை பிடித்த நிறம். அதுவும் செம்பினால் வருவதுதான். ஆனால் உயிர்வளி குறைந்த நெருப்பில், செம்பு மிக நுண்ணிய துகள்களாகவோ குப்ரஸ் ஆக்சைடு படிகங்களாகவோ கண்ணாடிக்குள் நின்றால்தான் சிவப்பு. காற்று தாராளமாகப் பட்டால் அதே செம்பு பச்சைக்கும் கறுப்புக்கும் தாவிவிடும். அதனால் சிவப்பைத் தனித் திறமையுள்ள பட்டறைகள் கட்டியாகச் செய்து கொடுக்க, ப்ரூச் செய்கிறவர் அதை இளக்கி மட்டும் பயன்படுத்துவது பாதுகாப்பான வழி. நீண்ட நேரம் சுட்டால் சிவப்பு போய்விடும்.

அந்தச் சிவப்புதான் மண்ணில் பச்சையாகிறது. 1,800 ஆண்டு ஈரத்தில் கண்ணாடியின் மேற்பரப்பு அரித்து, உள்ளிருந்த செம்பு களிம்பாக மாறுகிறது. நம் செப்புப் பாத்திரத்தில் பிடிக்கும் அதே பச்சைக் களிம்பு, கண்ணாடிக்குள்ளிருந்தே பிடிக்கிறது. அதைப் பார்த்துப் ‘பச்சை எனாமல்’ என்று எழுதிவிடுகிறார்கள். பழைய அகழாய்வு அறிக்கைகளிலேயே இந்தத் தவறு உண்டு. ஏலப் பட்டியல்களில் கேட்கவே வேண்டாம். போதாததற்கு, சுற்றியுள்ள உலோகத்தின் களிம்பு வெள்ளை எனாமலிலும் ஊறி அதையும் பச்சையாக்கும்.

அசல் பச்சைக்கும் அழுகிய சிவப்புக்கும் வித்தியாசம் பார்க்க நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் 10 மடங்கு லென்ஸ் போதும். அசல் பச்சை கண்ணாடிபோல வழவழப்பாக, ஒரே சீராக, உள்ளே குமிழ்களோடு இருக்கும். மாறிய சிவப்பு சாக்பீஸ்போல மங்கி, திட்டுத்திட்டாக, தொட்டால் மாவாகும் போலிருக்கும். உறுதியான சாட்சி ஒரு சின்ன உடைசல்: எங்கேயாவது எனாமல் சில்லு பெயர்ந்திருந்தால் அதன் குறுக்குவெட்டில் மேலே பச்சைத் தோலும் அடியில் மெழுகு முத்திரை அரக்குபோன்ற சிவப்பும் தெரியும். அதற்காக நீங்களே சுரண்டிப் பார்க்காதீர்கள். எக்ஸ் கதிர் பாய்ச்சிப் பொருளில் என்னென்ன தனிமங்கள் உள்ளன என்று காட்டும் எக்ஸ்ஆர்எஃப் கருவியை வைத்து மேலே ஒரு கதிர் அடித்துத் தீர்த்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். மேற்பரப்பு அரித்துப்போன பொருளில் அது அரிப்பைத்தான் அளக்கும். செம்பு இருக்கிறது, காரீயம் இருக்கிறது என்று சொல்லும். பச்சையிலும் அவை உண்டு, சிவப்பிலும் உண்டு.

ஆக, உங்கள் பட்டியல் முயல் ‘பச்சையும் நீலமும்’ என்றால், அணிந்தபோது அது சிவப்பும் நீலமுமாக இருந்திருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. அதோடு உலோகமும் இன்றுள்ள கரும்பச்சையில் இருந்ததில்லை. பித்தளையானால் பொன்போல மின்னியிருக்கும். பலவற்றில் ஓரங்களுக்கு ஈயம் பூசியிருந்தார்கள். நம் தெருவில் பாத்திரத்துக்குப் பூசுவார்களே, அதேபோல வெள்ளீயம்தான், பார்வைக்கு வெள்ளி. வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகுவதால் பூச்சு எனாமல் வேலையெல்லாம் முடிந்தபிறகுதான் செய்திருக்கமுடியும். பொன்னிறமோ வெள்ளி நிறமோ கொண்ட உடலில் பளிச்சென்ற சிவப்பும் நீலமும்: இன்று பார்க்கும் அடக்கமான தொல்பொருள் அழகு அன்று அதில் இல்லை. சந்தையில் கண்ணைப் பறிக்கும் மலிவான நகை அது.

சிவப்புக்கு அங்கே இவ்வளவு மவுசு ஏன் என்பதில் நம் பக்கத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. ரோமானியருக்கு முன்பே கால் நாட்டிலும் பிரிட்டனிலும் வாழ்ந்த கெல்டிக் மக்கள் வாளிலும் கேடயத்திலும் முதலில் பதித்தது பவளம். ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி முதல் நூற்றாண்டில் எழுதுகிறார்: கால் நாட்டார் முன்பு தலைக்கவசத்திலும் கேடயத்திலும் பவளம் பதித்தார்கள், இந்தியர்கள் அதற்குக் கொடுக்கும் மதிப்பால் இப்போது விளையும் இடத்திலேயே அதைக் காண்பது அரிதாகிவிட்டது. பவளத்தின் இடத்தில் சிவப்புக் கண்ணாடி வந்தது அதற்குச் சில நூற்றாண்டு முன்பே தொடங்கியது என்பதால், முழுப் பழியையும் நம்மேல் போடமுடியாது. ஆனால் அதே நூற்றாண்டின் பெரிப்ளூஸ் என்ற கிரேக்கக் கடல்வணிகக் கையேட்டில், இன்றைய கேரளக் கரையின் முசிறி, நெல்கிந்தா துறைகளில் இறங்கும் சரக்குப் பட்டியலைப் பாருங்கள்: பவளம், கச்சாக் கண்ணாடி, செம்பு, வெள்ளீயம், காரீயம், அஞ்சனக்கல் (ஆன்டிமனிக் கனிமம்). ஒரு எனாமல் பட்டறைக்கு வேண்டிய சாமான் அத்தனையும் இருக்கிறது. அந்த வேலை மட்டும் இங்கே வரவில்லை.

இனி அசலா நகலா. முன்பக்கப் படத்தை வைத்து யாரும் சொல்லமுடியாது. விற்பவரிடம் பின்பக்கத்தை நேராக ஒன்று, சாய்வாக ஒன்று படமெடுத்துத் தரச் சொல்லுங்கள். பார்க்கவேண்டியது மூன்று உறுப்பு. ஒரு முனையில் ஊசி மாட்டும் காது. அது ஒன்றாகவோ, நடுவில் இடைவெளி விட்டு இரண்டாகவோ இருக்கும். மறுமுனையில் ஊசி நுனி உட்காரும் கொக்கி, தகட்டிலிருந்து எழுந்து மடிந்திருக்கும். நடுவே ஊசி; அது பெரும்பாலும் ஒடிந்துபோயிருக்கும். இரட்டைக் காதுக்கு நடுவே ஊசியின் தட்டையான துளை முனையை வைத்து ஓர் அச்சுக் கம்பி செருகியிருந்தால் அது கீல் வகை. கம்பியைச் சுற்றி ஊசியே சுருளாகத் திரும்பியிருந்தால் ஸ்பிரிங் வகை. பொதுவாகப் பிரிட்டனில் செய்த தகட்டு ப்ரூச்களில் ஸ்பிரிங்கும், ஐரோப்பியப் பெருநிலத்தில் செய்தவற்றில் கீலும் அதிகம். முடிவான சான்று இல்லை, ஆனால் நல்ல முதல் அடையாளம். அச்சுக் கம்பி சில சமயம் இரும்பு. அப்படியானால் காதுகளைச் சுற்றிப் பழுப்புத் துரு படிந்திருக்கும். இந்தத் துருக்கறை நல்ல அறிகுறி. போலி செய்பவர்கள் இதை அவ்வளவாக நினைத்துப் பார்ப்பதில்லை.

காதும் கொக்கியும் தகட்டோடு ஒரே உடலாக வந்திருக்கவேண்டும் என்று சொன்னேன். அடியில் பற்றாசு வழிந்த வட்டம் தெரிந்தால், பளபளவென்று நிமிர்ந்த ஊசி இருந்தால், கடையில் வாங்கிய நவீன ப்ரூச் பின்னை ஒட்டியிருக்கிறார்கள். குழிக்குள் இருப்பது கண்ணாடியா பிசினா என்பது அடுத்த கேள்வி. கண்ணாடியில் குமிழ்கள் இருக்கும். தேய்த்த மேற்பரப்பில் அவை வெட்டுப்பட்டு ஊசிக்குத்துப் பள்ளங்களாகத் தெரியும். உடைந்த இடம் சங்குச் சில்லுபோல வளைந்து உடைந்திருக்கும். பிசின் குழி ஓரத்தில் மெல்ல ஏறி நிற்கும், ஓரம் உருண்டிருக்கும், புற ஊதா விளக்கில் பலசமயம் பாலொளி விடும். சூடான ஊசியால் குத்திப் பார்க்கச் சொல்லும் பழைய ஆலோசனை வேண்டாம்: அசலாக இருந்தால் நீங்கள்தான் கெடுத்தவர் ஆவீர்கள். பழுது பார்த்தது வேறு, போலி வேறு என்பதையும் கவனியுங்கள். அசல் ப்ரூச்சின் காலிக் குழிகளில் விற்பனைக்காகப் பிசினை நிரப்பி ‘முழு எனாமல்’ என்று விற்பது முழுப் போலியைவிடச் சங்கடமானது, ஏனென்றால் உலோகம் எல்லாச் சோதனையிலும் தேறிவிடும். ஒரு குழி மட்டும் மற்றவற்றைவிடப் புத்தம்புதிதாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

எக்ஸ்ஆர்எஃப் உண்மையில் உதவும் இடம் இங்கேதான். வெள்ளையில் டைட்டானியம், சிவப்பிலோ மஞ்சளிலோ காட்மியம் வந்தால் பேச்சே இல்லை, நவீனம். ஒளி புகாத வெள்ளையிலும் மஞ்சளிலும் ஆன்டிமனி இருக்கவேண்டும். அந்த இடத்தில் வெள்ளீயம் இருந்தால் யோசிக்கவேண்டும்: கண்ணாடியில் ஆன்டிமனியின் இடத்தை வெள்ளீயம் பெருமளவில் பிடிப்பது நான்காம் நூற்றாண்டு வாக்கில்தான். ஆனால் வெண்கலத்திலும் பூச்சிலும் உள்ள வெள்ளீயத்தையும் கருவி சேர்த்துப் படித்துவிடும் என்பதால், அளந்தவர் எந்தப் புள்ளியில் அளந்தார் என்று கேளுங்கள்.

களிம்பிலும் பார்க்க இருக்கிறது. இயற்கையான பசுங்களிம்பு உலோகத்துக்குள் வேர்விட்டதுபோல இருக்கும். நகத்தால் சுரண்டினால் வராது. பூசிய களிம்பு குழியின் மூலைகளில் தேங்கி, மேட்டில் மெலிந்து, பருத்தித் துணியில் கொஞ்சம் அசிட்டோன் தொட்டால் நிறம் விடும்.

வடிவத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. முயல், நாய், குதிரை, மான், பன்றி, புள்ளி போட்ட சிறுத்தை, சிங்கம், கோழி, வாத்து, மயில், மீன், டால்பின், கடற்குதிரை, ஈ என்று பட்டியல் நீளம். சிறுத்தையின் ஒவ்வொரு புள்ளியும் தனித்தனி வட்டக் குழி. மீன் பக்கவாட்டில், ஈ மேலிருந்து பார்த்தபடி. முயலில் காதுகள் பின்னால் சாய்ந்து முதுகோடு ஒட்டியிருக்கும். நிமிர்ந்த காதுகள் மெல்லியதாக வார்த்தால் ஒடிந்துவிடும், அதனால் கலைக்கும் உறுதிக்கும் ஒரே தீர்வு. சில முயல்களின் உடலுக்குள்ளேயே இரண்டு குட்டி முயல்களின் உருவத்தை உலோகமாக விட்டுச் சுற்றிலும் எனாமல் நிரப்பியிருப்பார்கள். இந்த வகை கிடைத்தால் விடாதீர்கள். வட பிரிட்டனில் கிடைக்கும், இரு முனையிலும் தலையுள்ள ‘எஸ்’ வளைவு டிராகன் ப்ரூச் தனிக் குடும்பம். அதில் ஊசி தலைக்குக் கீழே கழுத்தைச் சுற்றி மாட்டியிருக்கும், பின்பக்கக் காது கிடையாது. அதை வைத்து மற்றதை எடைபோடக்கூடாது.

அர்த்தம் என்ன என்று எல்லோரும் கேட்கிறார்கள். பிரிட்டானியர் முயல், கோழி, பெருவாத்து மூன்றையும் உண்பதைத் தகாததாகக் கருதினார்கள், விருப்பத்துக்காக வளர்த்தார்கள் என்று ஜூலியஸ் சீசர் எழுதியிருக்கிறார். பிரிட்டனில் ரோமானியரை எதிர்த்துக் கிளம்பிய பூடிக்கா அரசி போருக்குமுன் தன் உடைமடிப்பிலிருந்து முயலை ஓடவிட்டுச் சகுனம் பார்த்ததாக ரோமானிய வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ சொல்கிறார். இதை வைத்து ஒவ்வொரு முயல் ப்ரூச்சும் புனிதச் சின்னம் என்று முடிவுகட்டுவது அவசரம். சீசர் எழுதியதற்கும் இந்த ப்ரூச்சுக்கும் இடையே 150 ஆண்டுக்கு மேல் இருக்கிறது. முயல் ப்ரூச்கள் பிரிட்டனுக்கு வெளியேயும் உண்டு. சமயத் தொடர்பு உறுதியாகத் தெரிவது குதிரைமேல் வீரன் அமர்ந்த வகையில்தான். அவை இங்கிலாந்தில் கோயில் இருந்த இடங்களில் கூட்டமாகக் கிடைக்கின்றன: சாமர்செட்டின் லாம்யாட் பீக்கன், நார்ஃபோக்கின் ஹாக்வோல்ட். 1485ஆம் ஆண்டுப் போஸ்வொர்த் போர்க்களத்தைத் தேடி நிலத்தை அலசியபோதும் ஒரு ரோமானியக் கோயில் இடமும் இந்த ப்ரூச்களும் தென்பட்டன. கோயில் வாசலில் விற்று, வாங்கியவர் அணிந்தோ காணிக்கையாகப் போட்டோ போயிருக்கவேண்டும். இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையிலுள்ள சில்லித் தீவுகளில் நார்னூர் என்ற சின்னத் தீவில் சுமார் 300 ப்ரூச்கள் கிடைத்தன. முதலில் பட்டறை என்றார்கள். இப்போது காணிக்கை இடம் என்ற கருத்தே வலுவாக இருக்கிறது. சைரன்செஸ்டரில் 2011இல் ஒரு குழந்தையின் கல்லறையில் 12.5 செ.மீ. உயர எனாமல் சேவல் கிடைத்தது. அது ப்ரூச் அல்ல, நிறுத்திவைக்கும் உருவம்; ஆனால் இதே கைவேலை பெரிய அளவில் எப்படி இருக்கும் என்று பார்க்க அங்குள்ள கொரினியம் அருங்காட்சியகத்தின் படங்களைத் தேடிப் பாருங்கள். சேவல் மெர்க்குரி தெய்வத்தின் துணை.

சுத்தம் செய்வதற்கு வருவோம். பித்தளைச் செம்பைப் புளி போட்டுத் துலக்கும் பழக்கத்தை இங்கே மறந்துவிடவேண்டும். புளி, எலுமிச்சை, வினிகர் எல்லாமே அமிலம். களிம்பைக் கரைக்கும்போது அதன் அடியில் அசல் மேற்பரப்பு இருந்தால் அதையும் சேர்த்துக் கரைக்கும், அரித்த எனாமலில் மிச்சமிருக்கும் பிடிமானத்தையும் எடுத்துவிடும். அல்ட்ராசோனிக் தொட்டி எனாமலைத் தூளாக உதிர்க்கும். மின்னாற்பகுப்பு களிம்பை வாங்கும்போது பூச்சையும் எனாமலையும் கூடவே கொண்டுபோகும். அருங்காட்சியகக் காப்பாளர்கள் செய்வது நுண்ணோக்கியின் கீழ் ஸ்கால்பெல் நுனியாலும் மரக்குச்சியாலும் மண்ணை மட்டும் எடுப்பது; எனாமல் ஆடினால் முதலில் அதைப் பாரலாய்ட் பி-72 என்ற அக்ரிலிக் பிசினை அசிட்டோனில் 5 சதவீத அளவில் கரைத்து ஒரு சொட்டு விட்டு நிறுத்துவது. வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது மென்மையான காய்ந்த தூரிகையால் தூசி தட்டுவது, அவ்வளவுதான்.

கவனிக்கவேண்டிய ஆபத்து ‘வெண்கல நோய்’. உலோகத்துக்குள் தங்கிய உப்பு, குப்ரஸ் குளோரைடாக இருந்து, ஈரமும் காற்றும் பட்டதும் வெளிர்பச்சை மாவாகப் பொங்கும். பழைய களிம்பு கரும்பச்சையாகக் கெட்டியாக இருக்கும். இது ஒரு புள்ளியில் திடீரென்று தோன்றி, தொட்டால் உதிரும். எனாமல் குழியின் அடியில் இது பொங்கினால் கண்ணாடியை வில்லையோடு தூக்கிவிடும். ஈரப்பதம் 35 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இது அடங்கிக் கிடக்கும். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ திறந்த அலமாரியில் அது நடக்காத காரியம். மூடி இறுக்கமாக உள்ள பாலித்தீன் டப்பா, அதில் நிறம் மாறும் சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரப்பதமானி: இது போதும். ஜெல் நிறம் மாறினால் பொட்டலத்தில் எழுதிய சூட்டில் உலர்த்தி மறுபடி போடுங்கள். மரப்பெட்டி வேண்டாம், குறிப்பாக ஓக். அதிலிருந்து அசிட்டிக் அமிலம் கசியும். ரப்பர் மெத்தையும் வேண்டாம், கந்தகம் உலோகத்தைக் கறுப்பாக்கும். அப்படிப் பொங்கத் தொடங்கியே விட்டால் பென்சோட்ரையசோல் சிகிச்சை இருக்கிறது. அந்த இரசாயனத்தை வீட்டில் கையாளவேண்டாம், காப்பாளரிடம் கொடுங்கள்.

கடைசியாகக் காகிதம். இங்கிலாந்தில் கிடைத்த பொருளானால், 1997 முதல் நடக்கும் பொதுமக்கள் கண்டெடுப்புப் பதிவுத் திட்டத்தின் பதிவெண் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் கிடைத்த ஊர், படம், எடை எல்லாம் இணையத்தில் இருக்கும். விற்பவர் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிரிட்டன் மண்ணிலிருந்து எடுத்த தொல்பொருளை நாட்டுக்கு வெளியே அனுப்ப, விலை எவ்வளவு குறைவானாலும், ஏற்றுமதி உரிமம் வேண்டும். அதை யார் வாங்குவது என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். ‘டான்யூப் பகுதி, பழைய சேகரிப்பு’ என்று மட்டும் எழுதி எந்த ஆண்டு, யாருடையது என்று சொல்லாத பட்டியல்களை ஒதுக்குவது நல்லது. பல்கேரியா போன்ற நாடுகளில் மண்ணுக்கடியில் கிடைக்கும் தொல்பொருள் அரசின் சொத்து. உங்கள் முயலுக்கு விற்பவர் பின்பக்கப் படமும் தரவில்லை, கிடைத்த இடமும் சொல்லவில்லை என்றால், அசலாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். இந்த வடிவம் அரிதானது அல்ல, இன்னொன்று வரும்.